வலது முழங்கை

லாரி வந்துவிட்டது. அதன் பின்பக்கம் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்து ரேஸ் காரை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை. வெயில் அப்போதுதான் திருவெறும்பூர் மலைக்கோயில் பக்கமிருந்து எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். சென்னைக்கு வடக்கே, யாரும் உபயோகிக்காத ஒரு பழைய விமான ஓடுதளத்தில். இன்று கார் கிளம்பினால்தான் பதற்றமில்லாமல் போய்ச் சேரும்.

நான் கடைசி ஓட்டம் ஓட்டி முடித்து, "பிரேக் நேரா நிக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் டிரைவர் என்ற முறையில் என் வேலை முடிந்தது. மனசுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வைதேகி டீச்சர் ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தபடி அருகில் வந்தார். ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். காரின் சொந்தக்காரரும் ரேஸில் அதை ஓட்டப் போகிறவருமான சம்பத்தின் அக்கா.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைச்சுக்க மாட்டேளே?"

"கேளுங்க டீச்சர்."

"பிரேக் போடறதுக்கு முன்னாடி உங்க வலது முழங்கை கொஞ்சம் கீழே இறங்கறது. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இறங்கலியே டீச்சர்."

"இறங்கறது. மூணு நாளா பார்த்துண்டிருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனிடம், பைசைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருவர் வந்து கையைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

வாசகர் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் டெஸ்ட் டிரைவராக இருந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதப் போக, தென்னூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'நல்ல டெஸ்ட் டிரைவருக்கு என்ன வேண்டும்? துணிச்சலா, வேகமா?' என்று கேட்கிறார்.

ஐயா, இரண்டும் சம்பத்திடம் ஏராளமாக இருந்தன. அதனால்தான் அவரை டெஸ்ட் ஓட்ட விடவில்லை.

சம்பத் வக்கீல். கோர்ட்டில் எப்படிப் பேசுவாரோ தெரியாது. காரில் உட்கார்ந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். ஒரு தடவை ஓட்டியது மாதிரி இன்னொரு தடவை ஓட்டமாட்டார். இறங்கி வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "பிரமாதமா இருந்துது" என்பார். என்ன பிரமாதம், எங்கே பிரமாதம் என்று கேட்டால் பதில் இருக்காது.

காரை உருவாக்கியது செபாஸ்டியன் அண்ணன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். விபத்தில் நசுங்கிப்போன ஒரு சின்னக் காரின் அடிப்பாகத்தை எடுத்து, சுற்றிலும் அலுமினியத் தகடு போர்த்தி, கூரையில்லாமல் ஒரே ஒரு சீட்டு வைத்து அதைச் செய்திருந்தார். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன் விடியற்காலையில் சைக்கிளில் வந்து எங்களோடு நிற்பார்.

முதல் நாளே சம்பத்தைப் பார்த்து அவர் சொன்னார்: "தம்பி, நீங்க ஓட்டினா உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் தெரியுது. வண்டிக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியல. வேற ஆளப் பாருங்க."

அந்த வேறு ஆள்தான் நான். பாலக்கரை இப்ராகிம். சம்பத்தின் கட்சிக்காரரான ஒரு பஸ் முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். நின்ற வண்டியை ரிப்பேர் செய்ததும் ஓட்டிப் பார்த்து 'சரி' சொல்வது அங்கே என் பொறுப்பு. அப்படித்தான் என் பெயர் அவர்கள் காதுக்குப் போனது.

செபாஸ்டியன் அண்ணனின் சட்டம்

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வருவதற்காகப் புது ரோடு போட்டிருந்தார்கள். ரோடு வந்துவிட்டது, வீடுகள் வரவில்லை. அகலமான தார் ரோடு, இரண்டு பக்கமும் பொட்டல். காவல்காரரிடம் சம்பத் பேசிவைத்திருந்தார். காலை வேளையில் எங்களையும் சில ஆடுகளையும் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஓட்டும் முறை இதுதான். ஒரு கோடியிலிருந்து கிளம்பி அறுபது மைல் வேகம் பிடிக்க வேண்டும். சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டதும் பிரேக். நின்றதும் திரும்பிப் போய் மறுபடி அதேபோல. வைதேகி டீச்சர் ரோட்டின் வலது ஓரத்தில் நின்று, கோட்டிலிருந்து கார் நிற்கும்வரை எத்தனை விநாடி என்று பார்ப்பார்.

அண்ணனிடம் ஒரு கறாரான சட்டம் இருந்தது. வண்டி நின்றதும் இறங்கக் கூடாது. கை ஸ்டீயரிங்கிலேயே இருக்க, அப்படியே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். டீச்சர் அதை நோட்டில் எழுதுவார்.

"இறங்கி நாலு எட்டு நடந்துட்டா மனுஷன் கதை சேத்துருவான்" என்பார் அண்ணன்.

காரணமும் சொல்லக் கூடாது. ஒரு தடவை நான், "கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும்ணே" என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாய், கால்ல என்ன தெரிஞ்சுச்சு? அத மட்டும் சொல்லுங்க. ஏன்னு நான் பாத்துக்கறேன். நீங்க பிளேட்டுன்னு சொல்லிட்டா என் கண்ணு பிளேட்ட விட்டு நகராது."

எனக்கு இதெல்லாம் பிடித்துப்போயிற்று. ஒரே வேகம், ஒரே இடம், ஒரே அழுத்தம். பத்து தடவை ஓட்டினால் டீச்சரின் நோட்டில் பத்தும் ஏறக்குறைய ஒரே விநாடி. 'தெரியவில்லை' என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். அது லேசில் வருவதல்ல. டிரைவர் ஜாதிக்கே அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும்.

டீச்சருக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் ஆசையெல்லாம் இல்லை. தாய் தகப்பன் போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது இந்தத் தம்பி ஒருவர்தான். கார் ரேஸ் என்று அவர் குதித்தபோது டீச்சர் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டெஸ்ட் நடக்கும்போது தானும் நிற்க வேண்டும். தனக்குத் திருப்தி இல்லையென்றால் கார் போகாது. பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையிலிருந்து எழுதிக் கொடுத்து அந்த ஸ்டாப்வாட்சை வாங்கி வந்திருந்தார்.

"லாரிக்காரன் காத்துண்டிருக்கான்"

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

"முழங்கை இறங்கினா என்ன, ஏறினா என்ன டீச்சர்? வண்டி நேராத்தானே நிக்குது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

சம்பத் பலகையில் ஒரு கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். "அக்கா, லாரிக்காரன் காத்துண்டிருக்கான். ஆரம்பிக்காதே."

"நான் ஒண்ணும் ஆரம்பிக்கலை. கேட்டேன். அவ்வளவுதான்."

செபாஸ்டியன் அண்ணன் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். அதுவரை லாரியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"டீச்சர், எந்தக் கை இறங்குது?"

"வலது."

அண்ணன் காற்றில் ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தன் வலது முழங்கையை இறக்கிப் பார்த்தார். ஸ்டீயரிங் வலது பக்கம் திரும்பியது. அவர் முகம் மாறியது.

"பாய், ஏறுங்க."

"அண்ணே, நான் சொல்றேன்ல..."

"நீங்க சொல்றதுல எனக்குச் சந்தேகம் இல்ல. உங்க கைமேலதான் சந்தேகம். கைய விரிச்சு ஸ்டீயரிங் மேல சும்மா வைங்க. பிடிக்கக் கூடாது. அப்படியே பிரேக் அடிங்க."

அறுபது மைல் வேகத்தில் கையை விட்டு பிரேக் அடிக்கச் சொல்கிறார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் இடது பக்கம் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச்சுவர் இடுப்பளவு உயரம், புதுச் சிமெண்டு. மூன்று நாளாக அதைக் கடந்து போயிருக்கிறேன். அப்போதுதான் முதன்முதலாக அதை உற்றுப் பார்த்தேன்.

ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளப்பினேன்.

கோடு வந்தது. உள்ளங்கைகளை விரித்தேன். மிதித்தேன். கார் கோடு கிழித்தாற்போல நேராக நின்றது.

"பாத்தீங்களா?" என்றேன் டீச்சரைப் பார்த்து. அந்தக் குரலில் இருந்த ஏளனத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் நோட்டில் எழுதினார். பிறகு நிதானமாக, கரும்பலகை முன்னால் நிற்பது மாதிரியே சொன்னார்: "முதல் மூணு தடவை இறங்கறதில்லை. நாலாவதுலேர்ந்துதான் இறங்கறது. மூணு நாளும் அப்படித்தான்."

லாரி டிரைவர் பீடியைப் போட்டு மிதித்தார்.

"சூடானப்புறம்" என்றார் அண்ணன், தனக்குத்தானே.

தொட்டியம் ரோட்டில் கற்ற பாடம்

அவர் 'சூடானப்புறம்' என்று சொன்னதும் எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளில் ஆறேழு வருஷம் திருச்சி – தொட்டியம் பஸ் ஓட்டினேன். கூரைமேல் வாழைத்தார், உள்ளே ஜனம், படியில் கண்டக்டர். அந்த பஸ்ஸின் பிரேக்குக்கு ஒரு வியாதி. காலையில் சமர்த்தாக நிற்கும். முசிறி தாண்டிப் பத்துப் பதினைந்து தடவை பிரேக் போட்டுச் சூடேறியதும் இடது பக்கம் இழுக்கும்.

போகும்போது இடது பக்கம் எது? காவிரி.

முதலாளியிடம் சொன்னோம். பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்வது? முதல் மாதம் ஒவ்வொரு பிரேக்குக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொஞ்சம் கொடுத்தேன். இரண்டாம் மாதம் யோசிக்காமல் கொடுத்தேன். அப்புறம் கொடுக்கிறேன் என்பதே மறந்துபோனது. பிரேக் கருகும் வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக அந்த வேலையைச் செய்துவிடும்.

"இப்ராகிம் ஓட்டினா பஸ் தொட்டில் மாதிரி போகும்" என்று தொட்டியம் ஜனங்கள் சொல்வார்கள். அந்தப் பெயரைத்தான் நான் தலையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

தென்னூர் வாசகருக்கு இதுதான் என் பதில். நல்ல பஸ் டிரைவர் வண்டியின் குறையைத் தன் கையால் மூடி, ஜனங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டெஸ்ட் டிரைவர் அதை மூடவே கூடாது. அவனுக்குப் பின்னால் அதே சீட்டில் வேறொருவன் உட்காரப் போகிறான். அவனுக்கு இவன் கை கிடையாது.

இதை இன்று சுலபமாக எழுதுகிறேன். அன்றைக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்று மட்டும்தான் தோன்றியது. நான் மூன்று நாளாகப் பொய் சொல்லியிருக்கிறேனா?

ஆறாவது பிரேக்

"சூடு பண்ணுங்க" என்றார் அண்ணன். "விடாம அடிச்சுக்கிட்டே வாங்க. ஒவ்வொரு தடவையும் கை விரிச்சே இருக்கணும்."

இரண்டாவது நேர். மூன்றாவது நேர். திரும்பி வரும்போது அந்த வாடை வந்துவிட்டது. கருகிய கயிற்றின் வாடை.

நாலாவது தடவை கோட்டை நெருங்கும்போது என் வலது கையை நானே பார்த்தேன். விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. நான் சொல்லாமலே மடங்கின. பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை வலது பக்கம் இழுத்தும்விட்டன. கார் நேராக நின்றது.

"கை பிடிச்சுது" என்றேன், கேட்பதற்கு முன்னால். டீச்சர் எழுதிக்கொண்டார். தலை நிமிரவில்லை.

ஐந்தாவதும் அப்படியே. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சம்பத் லாரியை விட்டு இறங்கி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆறாவது தடவை இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். கோடு வந்தது. மிதித்தேன்.

கார் ஒரு நொடி யோசித்தது. பிறகு யாரோ மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தாற்போல இடது பக்கம் பாய்ந்தது. கட்டைச்சுவர் நேராக என் முகத்துக்கு வந்தது. கை எழும்பத் துடித்தது. பிடித்தால் மறுபடியும் மறைத்துவிடுவேன் என்ற ஒரே நினைப்பில் பிடிக்காமல் இருந்தேன். தார் போய்ச் சரளை வந்தது. கல் தெறித்துத் தகட்டில் அடித்தது. தூசி.

நின்றது. முன்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அண்ணன் மட்டும், "இறங்காதீங்க! சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். அப்போதும் அவருக்குச் சட்டம் சட்டம்தான்.

கைகளை எடுத்து ஸ்டீயரிங்மேல் வைத்தேன்.

"இடது பக்கம் இழுக்குது. சூடானா இழுக்குது. இத்தனை நாளும் என் கை அத மறைச்சிருக்கு."

டீச்சரின் பென்சில் நின்றது. "கடைசியில சொன்னதையும் எழுதணுமா?"

"எழுதுங்க டீச்சர்."

எழுதினார்.

தோல் வளையம்

அண்ணன் அங்கேயே ஜாக்கி போட்டு முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார். இடது பக்க பிரேக் காய்ந்து சுத்தமாக இருந்தது. வலது பக்கம் கிரீஸ் பளபளத்தது. சக்கரத்து நடுவில் கிரீஸைத் தடுத்து நிறுத்தும் வளையம் ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. சூடேறினால் கிரீஸ் உருகிப் பிரேக்கில் வழியும். வலது பிரேக் வழுக்கும், இடது மட்டும் பிடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

சம்பத் கட்டைச்சுவரின்மேல் உட்கார்ந்து சரளையில் என் சக்கரம் போட்ட தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாய், அங்கே ரேஸ் வளைவுல இடது பக்கம் ஒரு கயிறுதான் கட்டியிருப்பா. கயித்துக்குப் பின்னாடி ஜனங்கள் நிப்பா" என்றார்.

கிழிந்த வளையத்தை எடுத்துக்கொண்டு கடைகளுக்குக் கிளம்பினேன்.

திருச்சியில் அந்த அளவு வளையம் கிடைக்கவில்லை. செம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் என் மாமா வேலை பார்த்தார். அவரிடமிருந்து நல்ல கெட்டித் தோல் வாங்கி வந்தேன். அண்ணன் அதை எண்ணெயில் ஊற வைத்து வெட்டிப் புது வளையம் செய்தார். பிரேக் கட்டைக்குப் புது லைனிங் போட்டார். நான் இடையில் ஜும்மா தொழப் போனேன். கை கட்டி நின்றபோதும் நினைப்பெல்லாம் என் வலது முழங்கையில்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

சாயங்காலம் மறுபடி அதே ரோடு, அதே கோடு. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பன்னிரண்டு தடவை அடித்தேன். கருகும் வாடையில் கண் எரிந்தது. பன்னிரண்டும் நேர். டீச்சர் இன்னும் இரண்டு கேட்டார். அவையும் நேர்.

சனிக்கிழமை விடியும்போது லாரி கிளம்பியது.

நேரா நிக்குமா?

ஓடுதளத்தில் புழுதியும் வெயிலும் பெட்ரோல் வாடையும். வந்திருந்த கார்களைப் பார்த்தபோது எங்கள் அலுமினியத் தகடு பரிதாபமாக இருந்தது. டீச்சர் ஒரு கறுப்புக் குடையோடு கயிற்றோரம் நின்றார். பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

புறப்படுவதற்கு முன் சம்பத் என்னைக் கூப்பிட்டார். ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

"பாய், நேரா நிக்குமா?"

மூன்று நாளாக 'நேரா நிக்குது' என்று சொன்ன அதே ஆளிடம் கேட்கிறார். செபாஸ்டியன் அண்ணன் பக்கத்திலேயே நின்றார், அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"கைய விட்டுப் பாத்தேன் சார். நிக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

நான் ஓடிப் போய் டீச்சருக்குப் பக்கத்தில், முதல் வளைவின் ஓரமாக நின்றேன். முதல் சுற்றில் பிரேக் சூடாகியிருக்காது. இரண்டாவதிலும் ஆகாது. டீச்சர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நானும் எண்ணினேன். மூன்றாவது சுற்று போயிற்று.

நாலாவது சுற்றில் தூரத்தில் எங்கள் கார் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு கார். இரண்டும் ஒன்றையொன்று முந்தப் பார்த்து வளைவை நோக்கி வந்தன. ஜனங்கள் கத்தினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று எல்லோருடைய கண்ணும் காரின் மூக்கில் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சம்பத்தின் வலது முழங்கையைப் பார்த்தோம். பிரேக் போட்டபோதும் அது அசையவில்லை.